"எத்தனை மணிக்குக் கடிச்சது?" - டாக்டர் கேட்ட கேள்வியும், பாட்டி மறைத்த இரண்டரை மணி நேரமும்!

ஆடி வெள்ளி. குரோம்பேட்டையில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி வீட்டில் பாட்டி ஐந்து மணிக்கே எழுந்து, தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோலம் போட்டு முடித்துவிட்டார். பூக்காரம்மா கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்த பையில் நாலு முழம் செவ்வரளி. அம்மனுக்கு உகந்த பூ. அதைப் படத்துக்குச் சாத்தியபோது மணி ஏழு.

அந்த வீட்டில் காலை 6.30 முதல் 7.30 வரை பாட்ஷாவின் நேரம். பாட்ஷா ஒரு காக்டெயில் பறவை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் ஆடும் கொண்டை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேரன் இரண்டு வருடப் பொங்கல் காசையும் பிறந்தநாள் காசையும் சேர்த்துவைத்து, போன வருட லீவில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்தது. "இது எதுக்குடா வீட்டுக்குள்ள? எச்சம் போட்டு நாறடிக்கும்" என்று முதலில் முகம் சுளித்தவர் பாட்டிதான். ஆறே மாதத்தில், அவர் சீரியல் பார்க்கும்போது தோளில் உட்காரும் உரிமை பாட்ஷாவுக்கு மட்டும் கிடைத்திருந்தது.

அன்று பாட்டி தீப்பெட்டி எடுக்க அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பினார். பாட்ஷா அம்மன் படத்தின் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. மாலையிலிருந்து உருவிய ஒரு மொட்டை அலகுக்குள் உருட்டி உருட்டி நசுக்கிக்கொண்டிருந்தது. கீழே ஐந்தாறு சிவப்புத் துணுக்குகள்.

"சீ... போ அந்தாண்டை!" என்று முந்தானையை வீசி விரட்டினார். அது பறந்துபோய் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. பாட்டி துணுக்குகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு, கடித்த இடம் படத்துக்குப் பின்னால் போகும்படி மாலையைத் திருப்பிச் சாத்தினார்.

யாரிடமும் சொல்லவில்லை.

தோசைக்கல் சண்டை

அவர் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இரண்டு மாதங்களுக்கு முந்தையது. அடுப்பில் நான்-ஸ்டிக் தவாவை வைத்துவிட்டு, எதிர் வீட்டு அம்மாவிடம் பேசப் போய்விட்டார். காய்ந்த தவா புகைய ஆரம்பித்தது. நான்-ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வெளியாகும் வாயு மனிதர்களுக்குத் தலைவலியோ காய்ச்சலோ தரலாம். கூண்டுப் பறவைகளைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் காற்றை நம்மைவிடத் திறமையாக உறிஞ்சிக்கொள்கிறது. பறக்க உதவும் அந்த அமைப்பே புகை வரும்போது எமனாகிவிடும்.

பேரன் கூண்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். பாட்ஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், பயத்தில் அவன் கத்திய ஒரு வாக்கியம் வீட்டில் தங்கிவிட்டது. "பாட்டி, நீங்க ஒருநாள் அவனைக் கொன்னுடத்தான் போறீங்க!"

அம்மா அவனைத் திட்டினார். அவனும் ராத்திரி பாட்டியின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். தவாவும் பரணுக்குப் போய், பழைய இரும்புக் கல் இறங்கியது. ஆனாலும் அந்த வாக்கியம் பாட்டிக்குள் முள்ளாக நின்றது. ஆடி வெள்ளி காலையில் இதழ்களைப் பொறுக்கும்போது அவர் காதில் கேட்டது அதுதான்.

அரளி விஷம் என்று அவருக்குத் தெரியாதா? கிராமத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால், அவர் கணக்கில் விஷம் விதையிலும் வேரிலும்தான் இருக்கிறது. பூ சாமிக்குப் போடுவது. சாமி தலையில் ஏறுகிற பூவில் என்ன விஷம் இருந்துவிடப் போகிறது?

இருக்கிறது. அரளியில் இலை, பூ, மொட்டு, தண்டு, பால், விதை என எல்லாப் பாகத்திலும் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. இதய நோயாளிகளுக்கு மிக நுணுக்கமாக அளந்து கொடுக்கும் டிஜாக்ஸின் மருந்தின் வகையைச் சேர்ந்தது அது. இதயத் துடிப்பை மந்தமாக்கும், தாளம் தப்ப வைக்கும். விதைக்குப் பேர்போன மஞ்சள் அரளி வேறு செடி என்றாலும் அதிலும் இதே ரக விஷம்தான். நெடுஞ்சாலைகளின் நடுவே வரிசையாக அரளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு மாடு வாய் வைக்காது என்பதும் அதை அங்கே நடுவதற்கு ஒரு காரணம். 2024 மே மாதம், கேரளாவில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபோது, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது.

ஆடு, மாடு கசப்பை முகர்ந்து ஒதுங்கும். வீட்டுக்குள் வளரும் கிளி இனம் அப்படியில்லை. அதற்கு அலகுதான் கை. புதிதாக எதைப் பார்த்தாலும் கடித்துத்தான் அது என்னவென்று தெரிந்துகொள்ளும். பாட்ஷாவின் எடை 90 கிராம்; ஒரு பெரிய வாழைப்பழத்தைவிடக் குறைவு. நமக்கு ஒன்றும் செய்யாத அளவு அந்த உடம்புக்குப் பெரிய அளவு.

ஒன்பது மணி

8.15-க்குப் பேரன் பள்ளிக்குக் கிளம்பினான். போகும்போது கூண்டுக்கு முன்னால் வழக்கம்போல விசில் அடித்தான். பாட்ஷா பதிலுக்கு விசில் அடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவன் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அம்மா, ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறக்கும் முன் தினை போடப் போனார். பாட்ஷா குச்சியில் இல்லை. கூண்டின் தரையில், ஒரு மூலையில், உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொண்டை படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. திடீரென்று கழுத்தை நீட்டித் தலையை உதறியது. கூழான தானியம் கூண்டுக் கம்பிகளில் தெறித்தது. தலை இறகுகளிலும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

பறவை வளர்க்கிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். ஒன்பது மணிக்குக் கண்ணில் பட்ட நோய் ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது அல்ல. கூட்டத்தில் சோர்ந்து நிற்கும் பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் பறவைகளுக்கு நோயை மறைப்பது பிறவிக் குணம். தன்னால் முடிந்தவரை குச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாததுபோலக் காட்டும். தரைக்கு இறங்கிவிட்டது என்றால், இனி நடிக்கவும் அதற்குத் தெம்பில்லை என்று அர்த்தம். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் சாயங்காலம்வரை பார்க்கலாம் என்று சிலர் இருப்பதுண்டு. பறவையிடம் அந்த 'சாயங்காலம் பார்க்கலாம்' எடுபடாது.

அம்மா போனை எடுத்துத் தேடினார். சாக்லேட், காபி, அவகாடோ, வெங்காயம், உப்பு, ஈயம், துத்தநாகம், எலி மருந்து, அந்துருண்டை, மணி பிளான்ட்... பட்டியல் நீண்டுகொண்டே போனது. இதில் எது? மணி பிளான்ட் பாத்ரூம் ஜன்னலில் இருக்கிறது. அங்கே பாட்ஷா போவதில்லை. எலி மருந்து வீட்டிலேயே கிடையாது. எறும்பு சாக்பீஸால் போட்ட கோட்டை நக்கியிருக்குமோ? அதுவும் போன மாதமே துடைத்தாகிவிட்டது.

"அத்தை, காலைல இவன் எதையாவது கடிச்சானா? பார்த்தீங்களா?"

"இல்லியேம்மா."

சொல்லிவிட்டு பாட்டி அடுப்படிக்குள் போனார். இரண்டு நிமிடத்தில் ஒரு சின்ன ஸ்பூனில் வெதுவெதுப்பான பாலோடு வந்தார். கை நடுங்கியதில் பால் தரையில் சொட்டியது.

"இதைக் கொஞ்சம் வாயில விட்டுப் பாரும்மா. பால் குடுத்தா விஷம் முறியும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "விஷமா? என்ன விஷம் அத்தை?"

மணி 9.35.

பாட்டி அழவில்லை. பூஜை அலமாரிக்குப் போய், மாலையைத் திருப்பிக் காட்டினார்.

கொடுக்கவே கூடாதவை

அந்தப் பால் பாட்ஷாவின் வாய்க்குள் போகாதது பெரிய அதிர்ஷ்டம். விஷம் என்றால் பால், உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் என்று நம் வீடுகளில் ஒரு வைத்தியம் தயாராக இருக்கும். பறவைக்கு இதில் எதுவுமே ஆகாது. பாலைச் செரிக்கும் சக்தி அதன் வயிற்றுக்குக் கிடையாது. உப்பு அதற்கு இன்னொரு விஷம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு நேர் பின்னால் திறந்திருக்கிறது. துவண்டு கிடக்கும் பறவையின் அலகைத் திறந்து எதை ஊற்றினாலும் நேரே நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதிகம். விஷத்தில் பிழைத்திருக்க வேண்டிய பறவை, எண்ணெயில் மூச்சடைத்துச் செத்துப்போகும்.

வாந்தி எடுக்க வைக்கலாமே என்று தோன்றும். நாய்க்குக் கால்நடை மருத்துவர்கள் அப்படிச் செய்வதுண்டு. பறவைக்கு வீட்டில் அதைச் செய்யவே முடியாது. சாப்பிட்டது முதலில் கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையில் தங்கும். அதைக் குழாய் விட்டுக் கழுவத் தெரிந்தவர் மருத்துவர் மட்டும்தான். தீனிப்பையிலிருந்து கீழே இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. நேரம் தெரியவேண்டும் என்று மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான்.

அம்மா முதலில் போன் செய்தது பக்கத்திலேயே இருக்கும் ஒரு கிளினிக்குக்கு. "நாங்க டாக், கேட் மட்டும்தான் மேடம் பார்க்கிறோம்" என்றார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, பறவை வைத்தியம் தனிப் பழக்கம். அவர்களே இன்னொரு எண் கொடுத்தார்கள். பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர், எட்டு கிலோமீட்டர் தள்ளி.

அவர் போனில் கேட்டவை சுருக்கமாக இருந்தன. என்ன கடித்தது, பூவா இலையா? எவ்வளவு குறைந்திருக்கிறது? மூச்சு வாங்கும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, வாய் திறந்து மூச்சு விடுகிறதா? எத்தனை மணிக்குக் கடித்தது?

கடைசிக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாட்டியைப் பார்த்தார். "எனக்கு... தெரியாம நடந்துபோச்சு சார். தீப்பெட்டி எடுக்கத்தான் போனேன்" என்று பாட்டி ஆரம்பித்தார்.

"அம்மா, யார் மேல தப்புன்னு நான் கேட்கலை. எத்தனை மணி?"

"ஏழு பத்து. டிவில ராசிபலன்ல கன்னி ராசி ஓடிட்டிருந்துச்சு."

"இதுபோதும். உடனே கிளம்புங்க."

என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. பெரிய கூண்டோடு வராதீர்கள். அதற்குள் தடுமாறி அடிபடும். காற்றுத் துளை போட்ட செருப்பு டப்பா போதும். அடியில் துண்டு விரித்து, மூடி இருட்டாக வைத்தால் பயம் குறையும். உடம்பு சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் ஏ.சி வேண்டாம். அந்த மாலையையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். கூண்டுத் தரையில் இருக்கும் எச்சத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் 'ஏதோ பூ' என்பதற்கும், மாலையையே நீட்டுவதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாத்திரையைக் கடித்திருந்தால் அட்டை, பூச்சி மருந்து என்றால் பாட்டில், செடி என்றால் ஒரு கிளை. கையில் எடுத்துக்கொண்டு போவதற்குப் பத்து விநாடி ஆகும்.

டப்பா மடியில்

ஆட்டோவில் பாட்டிதான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "நான்தானே போட்டேன் மாலையை" என்றார் பாட்டி. அதற்கு மேல் பேச்சில்லை. ஜி.எஸ்.டி ரோட்டின் ஆடி வெள்ளி நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. டப்பாவின் துளைமேல் விரலை வைத்து, உள்ளே அசைவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோயிலைக் கடந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டி, அன்று டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

10.30-க்குக் கிளினிக். மருத்துவர் முதலில் எடை பார்த்தார்: 87 கிராம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்பு ஒரே சீராக இல்லை என்றார். மெல்லிய குழாய் விட்டுத் தீனிப்பையைக் கழுவினார். தினையோடு இரண்டு மூன்று சிவப்புத் துணுக்குகள் வந்து விழுந்தன. பிறகு, மிச்ச விஷத்தைப் பிடித்துக்கொள்வதற்காக மருத்துவக் கரித்தூள் கரைசல் அதே குழாய் வழியே போனது. அடுப்புக்கரியைக் கரைத்துக் கொடுத்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்; அது வேறு, இது வேறு. தோலுக்கடியில் குளுக்கோஸ் சலைன் ஏற்றி, ஆக்ஸிஜன் வரும் கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார்.

"மாற்று மருந்துன்னு கையில எதுவும் இல்லைம்மா. இன்னும் ஒரு நாள் இதயம் தாக்குப்பிடிக்கணும். ரொம்பக் கம்மியாத்தான் முழுங்கியிருக்கு. கிளிங்க கடிக்கிறதுல முக்கால்வாசியைக் கீழேதான் துப்பும். அதை நம்பி நாம வீட்ல உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

காத்திருப்பு அறையில் இருந்த மற்ற இரண்டு பேரைப் பற்றியும் சொல்லவேண்டும்.

ஒருவர் லவ் பேர்ட்ஸ் என்று நாமெல்லாம் சொல்லும் பட்ஜிகளை வளர்க்கும் இளைஞர். புதுக் கூண்டு வாங்கி மூன்று வாரம். பறவை ஒன்று மெலிந்துகொண்டே வந்து, கால் நடுங்க, பச்சையாகத் தண்ணியாக எச்சம் போட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர் சந்தேகப்பட்டது கூண்டுக் கம்பியை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ கம்பியில், புதிதில் வெள்ளைப் பொடியும் உதிரும் செதில்களும் இருக்கும். நாள் முழுக்கக் கம்பியைக் கடித்து ஏறி இறங்கும் பறவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். இது அரளியைப் போல ஒரே காலையில் அடிக்கும் விஷமல்ல. நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேர்ந்து அடிப்பது. ஈயமும் அப்படித்தான். தூண்டில் குண்டு, திரைச்சீலை அடியில் தைக்கும் எடைக்கட்டி, பழைய ஜன்னல் பெயின்ட், ரேடியோ ரிப்பேர் செய்யும் வீட்டில் சிந்திய சால்டரிங் துளி. எக்ஸ்-ரேயில் உலோகத் துண்டு பளிச்சென்று தெரியும். உடம்பிலிருந்து உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி மருந்து உண்டு. பல நாள் போடவேண்டியிருக்கும். அனுபவசாலிகள் புதுக் கூண்டை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை உள்ளே விடுவார்கள். வசதி இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டு இன்னும் நல்லது.

இன்னொருவர் துணிப்பைக்குள் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு, வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தார். பைக்குள் பச்சைக்கிளி. அதை வீட்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; 1972-லிருந்து இருக்கும் சட்டம். காக்டெயிலும் பட்ஜியும் வெளிநாட்டு இனங்கள் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. கிளி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். கேஸ் போடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். பாட்டி அவரையும் அந்தப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "சீக்கிரம் உள்ள போய்க் காட்டுப்பா" என்று மட்டும் சொன்னார்.

நாலரை மணி

பள்ளி விட்டு வந்த பேரனிடம் தானே சொல்கிறேன் என்று பாட்டி முன்பே சொல்லிவிட்டார். பாட்ஷா அப்போதும் கிளினிக்கில்தான் இருந்தது. காலிக் கூண்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

பாட்டி சுற்றி வளைக்கவில்லை. மாலையைப் போட்டது, அது கடித்தது, திருப்பி மாட்டியது, அம்மா கேட்டபோது இல்லையென்று சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "நீ அன்னைக்குச் சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன்டா கண்ணு."

அவனுக்கு எந்தச் சொல் என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது பையைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தான். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எழுந்துபோய், பூஜை அலமாரியில் உதிர்ந்து கிடந்த இரண்டு இதழ்களை எடுத்து, கவரில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டான். திரும்பி வந்து கையை சோப்பு போட்டுக் கழுவினான்.

"இனிமே எது நடந்தாலும் உடனே சொல்லுங்க பாட்டி. நான் கத்த மாட்டேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "கத்தினாலும் சொல்லுங்க" என்றான்.

இரவு எட்டு மணிக்கு, ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பாட்ஷாவை அழைத்து வந்தார். ராத்திரி முழுக்க ஒரு பக்கம் கதகதப்பாக இருக்கவேண்டும், மறுபக்கம் அது ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் மருத்துவர். இப்போதைய எல்.இ.டி பல்பு சூடே தராது. பரணைக் குடைந்து ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பைக் கண்டுபிடித்து, பாட்ஷாவின் அலகுக்கு எட்டாமல் கூண்டுக்கு வெளியே மாட்டினார்கள். அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பர். எச்சத்தின் நிறமும் எண்ணிக்கையும் தெரியவேண்டும்.

"எனக்கு எப்படியும் தூக்கம் வராது" என்று பாட்டி நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேரன் கீழே பாய் விரித்துப் படுத்தான். 11 மணிக்கு ஒரு எச்சம், கரித்தூளால் கறுப்பு. ஒரு மணிக்கு ஒன்று. இரண்டரைக்கு ஒன்று. தினசரிக் காலண்டரின் கிழித்த தாளின் பின்பக்கத்தில், பால் கணக்கு எழுதும் பென்சிலால் பாட்டி எழுதிக்கொண்டே வந்தார். மூன்று மணி வாக்கில் பாட்ஷா தரையிலிருந்து கீழ்க் குச்சிக்கு ஏறியது. ஐந்து மணிக்குத் தினைக் கிண்ணத்தில் அலகு படும் சத்தம் கேட்டது. பேரனை எழுப்பலாமா என்று யோசித்து, எழுப்பாமல், அதையும் எழுதினார்.

திங்கட்கிழமை திரும்பக் காட்டியபோது எடை 89. துடிப்பு சீராக இருந்தது.

சில ஏற்பாடுகள் மாறியிருக்கின்றன. மருத்துவரின் எண் ஃபிரிட்ஜ் கதவில், பாட்டி கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிதாக. அவர் கிடைக்காவிட்டால் எங்கே போவது என்பதும் கீழே எழுதியிருக்கிறது: வேப்பேரி, சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. (வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பறவை பார்ப்பவர் யார், எந்த நேரத்தில் இருப்பார் என்பதை, பறவை நன்றாக இருக்கும்போதே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.) சமையலறை எடை மெஷினில் வாரம் இரண்டு முறை பாட்ஷா ஏறுகிறது. காலையில் வெளியே விடும் ஒரு மணி நேரமும் யாராவது ஒருவர் கண் அதன்மேல் இருக்கவேண்டும் என்பது பேரன் போட்ட சட்டம்.

பூக்காரம்மாவிடம் அரளி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பால்கனித் தொட்டியில் இருக்கும் செம்பருத்தியை மருந்து அடிக்காமல் பாட்டியே வளர்க்கிறார். அம்மனுக்கு அதுவும் உகந்ததுதான், சிவப்புதானே என்கிறார். செம்பருத்தியைப் பறவை கடித்தால் பரவாயில்லை என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அடுத்த ஆடி வெள்ளி அன்று காலண்டர் தாளில், பால் ஒரு லிட்டர் என்பதற்குக் கீழே, அவர் கையெழுத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: '7.05. பாட்ஷா செம்பருத்தி ஒரு இதழ் கடித்தது. பேரனிடம் சொல்லியாச்சு.'